அமெரிக்காவில் வாங்கிய விங்ஸை இங்கே குத்தலாமா?

கேள்வி: என் மூத்த மகனை நமது சிங்கப்பூர் ஆகாயப் படை அமெரிக்க ஆகாயப் படைக் கழகத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. அங்கே கேடட்டாக இருந்தபோது ஐந்து முறை விமானத்திலிருந்து குதித்து, வான்குடை விங்ஸ் என்ற சிறகுச் சின்னத்தை வாங்கினான். இங்கே திரும்பிச் சீருடையில் அதைக் குத்திக்கொண்டு போனால், "படிக்கிற பையன்கள் ஜாலிக்குக் குதித்ததற்கு விங்ஸா? அப்போ செந்தோசா காற்றுக் குழாயில் மிதக்கிறவனுக்கும் ஒன்று கொடுக்கலாமே" என்று கேலி. மேலதிகாரி கழற்றச் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் ஆகிறது. கிளம்பும்முன் ஓர் அதிகாரி, "அங்கே வாங்குவதை இங்கே தாராளமாக அணியலாம்" என்று சொல்லியிருந்தாராம். வழக்குப் போடலாமா? பாலிடெக்னிக்கில் படிக்கும் இளையவன் வேறு, தாய்லாந்தில் ஸ்கைடைவிங் கற்றுக்கொண்டு வந்து, பீச் ரோட்டில் ராணுவச் சாமான் விற்கும் கடையில் ஒரு விங்ஸ் வாங்கி ஜாக்கெட்டில் குத்தப் போகிறேன் என்கிறான்.
— ஒரு தாய், செங்காங்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. உங்கள் மகன் அந்தச் சின்னத்துக்குத் தகுதியானவரா என்பது ஒன்று. அதைச் சிங்கப்பூர்ச் சீருடையில் அணியலாமா என்பது இன்னொன்று. முதலாவதில் அவர் பக்கம் வலுவாக இருக்கிறது. இரண்டாவதில் அவ்வளவு இல்லை.

கேலி செய்தவர்களின் வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். அமெரிக்கத் தரைப்படையின் வான்குடைப் பள்ளி ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங்கில் இருக்கிறது. மூன்று வாரப் பயிற்சி, ஐந்து குதிப்புகள். விமானத்துக்குள் மாட்டிய பட்டை இழுபட்டுக் குடை தானாகத் திறந்துகொள்ளும். சுமார் 1,250 அடி உயரத்திலிருந்து கும்பல் கும்பலாகக் குதிப்பார்கள். ஒரு படைப்பிரிவைச் சண்டைக்குத் தயாராகத் தரையிறக்குவதுதான் அதன் நோக்கம். ஆகாயப் படைக் கழகத்தில் ஏஎம்-490 என்று அழைக்கப்படும் பயிற்சியிலும் ஐந்து குதிப்புகள்தான். ஆனால் அங்கே பட்டை கிடையாது. மாணவர் தனியாகக் குதித்து, சில விநாடிகள் அப்படியே விழுந்து, தன் கையாலேயே குடையைத் திறக்க வேண்டும். முதல் குதிப்பிலேயே இப்படித்தான், பயிற்றுநர் யாரும் உடலோடு கட்டிக்கொண்டு வருவதில்லை. மாணவரின் மனத்துணிவை வளர்ப்பதுதான் இதன் முதல் நோக்கம். போர்க்களத்தில் இறங்குவது இதில் பாடமே இல்லை.

இரண்டு பயிற்சிக்கும் கிடைப்பது ஒரே வடிவச் சின்னம். அதனால்தான் அமெரிக்காவிலேயே இதைப் பற்றி முணுமுணுப்பு உண்டு. என்னைக் கேட்டால், இரண்டும் வேறு வேறு திறமை, அவ்வளவுதான். அதிலும் இது அடிப்படை நிலைச் சின்னம். அடுத்த நிலைக்கு 30 குதிப்புகளும் அதற்கும் மேலானதற்கு 65 குதிப்புகளும் வேண்டும், கூடவே போர்ச் சுமையோடும் இரவிலும் குதித்திருக்க வேண்டும். அடிப்படைச் சின்னத்தைப் பார்த்து யாரும் உங்கள் மகனைக் கமாண்டோ என்று நினைக்கப் போவதில்லை.

சட்டம் இந்த விவாதத்துக்குள் நுழையவே நுழையாது. ஒரு சின்னத்துக்கு என்ன தகுதி என்று முடிவு செய்வது, கொடுப்பவரின் உரிமை. கொடுக்க அதிகாரம் உள்ளவர்கள் தங்கள் விதிப்படி கொடுத்துவிட்டார்கள். ஆகவே உங்கள் மகன் அதை முறையாகப் பெற்றவர். செந்தோசாக் கதையைச் சொல்பவர்களுக்கு அவர் சான்றிதழைக் காட்டினால் போதும்.

ஆனால் சீருடை உங்கள் மகனுடையது இல்லை, படையுடையது. அதில் எதைக் குத்தலாம், எந்த வெளிநாட்டுச் சின்னத்தை ஏற்கலாம் என்று தீர்மானிப்பது சிங்கப்பூர் ஆயுதப்படைதான். கழற்று என்று மேலதிகாரி சொன்னது சட்டப்படியான கட்டளை. சிங்கப்பூர் ஆயுதப்படைச் சட்டம் 1972இன்படி அதை மீறுவது குற்றம். விங்ஸ் பிரச்சினை ஒழுங்கு நடவடிக்கையாக மாறினால், நியாயம் யார் பக்கம் என்று பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். எனவே எழுத்தில் அனுமதி வரும்வரை சின்னம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

வழக்கு விஷயத்துக்கு வருவோம். அரசு அமைப்பின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு, அதாவது அந்த முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்கும்படி, கேட்கலாம். அதற்கு முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும், அந்த மனுவை முடிவு எடுக்கப்பட்ட நாளிலிருந்து 3 மாதத்துக்குள் போட வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம்தான் பாக்கி. "அணியலாம்" என்று அதிகாரி சொன்னதைப் பிடித்துக்கொண்டு, நியாயமான எதிர்பார்ப்பு என்ற வாதத்தை, அதாவது அரசு அமைப்பு கொடுத்த வாக்கை நம்பியவரை அது கைவிடக் கூடாது என்பதை, வைக்கலாம். 2013இல் ஒரு நில விவகாரத்தில் உயர் நீதிமன்றம் அந்தக் கோட்பாட்டை ஏற்றது. ஆனால் 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது நம் சட்டத்தின் பகுதிதானா என்ற கேள்வியைத் தீர்க்காமலே விட்டது. கோட்பாடு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், வாக்குறுதி சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும், கொடுத்தவருக்கு அந்த அதிகாரம் இருக்க வேண்டும். புறப்படும் பரபரப்பில் யாரோ ஓர் அதிகாரி வாய்வார்த்தையாகச் சொன்னது அந்த அளவுக்கு நிற்காது. மேலும், படைக்குள் எதை அணிவது என்பதில் நீதிபதிகள் தலையிடத் தயங்குவார்கள்.

நீதிமன்றம் வேண்டாம் என்பதே என் கருத்து. செலவு ஒரு பக்கம். அதைவிட, பல ஆண்டு சேவை பாக்கியிருக்கும் ஓர் இளம் அதிகாரி, சட்டைப் பையின் மேல் ஒரு சின்னத்துக்காகத் தன் படையையே எதிர்த்து வழக்கு நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. மனுப் போடக் கடைசி நாளை மட்டும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

மகன் செய்ய வேண்டியது எளிது. தன் பிரிவின் எஸ்1 (ஆள்பலப் பிரிவு) வழியாக, வெளிநாட்டுச் சின்னத்தை அணிய அனுமதி கேட்டு எழுத வேண்டும். சின்னம் வழங்கிய உத்தரவின் நகல், பயிற்சியை முடித்த சான்று, ஐந்து குதிப்புகளின் பதிவு மூன்றையும் இணைக்கட்டும். அந்த அதிகாரி சொன்னதை, எப்போது, எங்கே என்ற விவரத்தோடு ஒரே வரியில் சொன்னால் போதும். கேலி செய்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். மறுத்தால் எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் தரும்படி பணிவாகக் கேட்கலாம். அனுமதி கிடைக்காமல் போனாலும், அவருடைய தன்விவரக் குறிப்பில் "அமெரிக்க அடிப்படை வான்குடைச் சின்னம்" என்று எழுதுவதை யாரும் தடுக்க முடியாது. அது உண்மை. வான்குடையில் போர்க்களத்தில் இறங்கும் "ஏர்போர்ன் வீரர்" என்று எழுதினால்தான் வம்பு.

இளையவர் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பணம் கொடுத்துக் கற்ற ஸ்கைடைவிங்குக்கு அந்தக் கிளப்பின் உரிமம்தான் உண்டு, ராணுவ விங்ஸ் கிடையாது. பீச் ரோடு கடைக்காரர் யார் என்று கேட்காமல் விற்பார். ஆனால் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 140ஆம் பிரிவு, ராணுவத்தினர் அல்லாத ஒருவர், தன்னை ராணுவத்தினர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அவர்களின் உடையையோ அடையாளத்தையோ அணிவதைக் குற்றமாக்குகிறது. ஜாக்கெட்டில் அலங்காரத்துக்காகக் குத்தினேன் என்றால் அந்த நோக்கத்தை நிரூபிப்பது கடினம், உண்மைதான். தேசிய சேவைக்குப் போகுமுன் அந்த விளக்கத்தைப் போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டுமா என்று அவரே யோசிக்கட்டும்.

அப்புறம் ஒன்று, அம்மா. எஸ்1க்குப் போகும் கடிதம் உங்கள் மகனின் கையெழுத்தில்தான் போக வேண்டும், உங்கள் கையெழுத்தில் அல்ல.