கனடா மாமா கேள்விப்படாத வேலை

மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் பளையிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். பிள்ளை உயர்தரத்தில் கணிதப் பிரிவு. போன வருடப் பல்கலைக்கழக அனுமதி வெட்டுப்புள்ளியைப் பார்த்தால் பொறியியல் கிடைக்காது. "கனடாவில இருக்கிற தம்பி, கொழும்பில தனியார் கம்பஸில இஞ்சினியரிங் சேர் எண்டுறான், சேர். இவள் என்னெண்டா மிதிவெடி எடுக்கிற ஆக்களோட போகப்போறாளாம்" என்று தாய் அழுதார்.

கொஞ்சம் ஆறுதல் சொன்னேன். மாமா முதல் வருடக் காசுதான் தருவார், மீதிக்குக் காணியை ஈடு வைக்கப்போகிறோம் என்றதும் ஆறுதலை நிறுத்திவிட்டேன். காணி உறுதிப் பத்திரத்தைப் பையிலேயே கொண்டுவந்திருந்தார். மிதிவெடி அகற்றிக் கையளித்த காணியாம் அது. பிள்ளைக்கு மனமில்லாத படிப்புக்கு அதை அடகு வைக்க நான் சம்மதம் சொல்லமாட்டேன்.

பிள்ளையிடம் ஏன் என்று கேட்டேன். சின்ன வயதில் மிதிவெடி இருக்கும் இடங்களை அளக்கிற அளவைக்காரர் வீட்டுக்கு வந்து, பங்கர் எங்கே இருந்தது என்று தாத்தாவிடம் கேட்டார்களாம். அவர் தடியால் மண்ணில் கீறிக் காட்ட, அதை ஜிபிஎஸ்ஸில் பதிந்துகொண்டு போனார்கள். பிறகு வந்த வரைபடத்தில் தாத்தாவின் கீறல் சிவப்புக் கோடாக இருந்ததாம். இவளை இழுத்தது அந்தக் கோடுதான்.

அதுதான் இந்தத் தொழிலின் முதல் கட்டம். பளைக்குப் பக்கத்து முகமாலையில் 2000 முதல் 2009 வரை இராணுவத்தினதும் புலிகளினதும் முன்னரங்குகள் எதிரெதிரே நின்றன. இராணுவத்தின் புதைப்புப் பதிவு, முன்னாள் போராளிகளின் ஞாபகம், மாடு செத்த இடம் எது என்ற ஊர்ப்பேச்சு எல்லாவற்றையும் சேர்த்து, சந்தேகப் பரப்பு எது, தோண்டாமலே விடக்கூடியது எது என்று பிரிக்க வேண்டும். கோட்டைக் கொஞ்சம் அகட்டிப் போட்டால் முகக்கவசமும் கனத்த அங்கியும் போட்டவர்கள் வெயிலில் குந்தியிருந்து வெறும் மண்ணை மாதக்கணக்கில் கிளறுவார்கள். ஒடுக்கிப் போட்டால் யாரோ ஒருவரின் கால் போகும்.

பயமா? பயப்படத்தான் வேண்டும். ஆனால் வடக்கில் இந்த வேலை செய்பவர்களில் பெண்கள் நிறையப் பேர், குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள் உட்பட. எனக்குள்ள கவலை வேறு. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. அதன்படி அகற்றி முடிக்க வேண்டிய கெடு 2028 ஜூன். சம்பளம் வருவதோ பெரும்பாலும் வெளிநாட்டு உதவிப் பணத்தில். இன்றைக்கே போய்ச் சேர்ந்தால் சில வருடத்தில் வேலை முடிந்துவிடும், கையில் ஒரு தொழிலும் இருக்காது. இதைச் சொன்னபோது பிள்ளையின் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

அதனால் நில அளவையியல். பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு பீடம் உண்டு. அரச பல்கலைக்கழகம், கற்பித்தல் கட்டணம் இல்லை. இவள் விண்ணப்பத்தில் அதை எழுதவே இல்லை. பொறியியலுக்குக் கீழே எதையும் போடாதே என்றாராம் மாமா. அந்தப் பட்டம் இருந்தால் மிதிவெடி வேலை முடிந்தாலும் வீதி, நீர்ப்பாசனம், காணிப் பிரிப்பு என்று ஊரிலேயே பிழைக்கலாம். வெடிபொருள்தான் மனதில் நின்றால் உலகத்தில் அதற்கும் குறைவில்லை. ஜெர்மனியில் அத்திவாரம் வெட்டுமுன் இரண்டாம் உலகப் போர்க்கால விமானப் படங்களை இன்றைக்கும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

விண்ணப்பம் இன்னும் அனுப்பவில்லை என்றார்கள். நல்லதாய்ப் போயிற்று. "அம்மா, தம்பியை எனக்கு ஒருக்கா எடுக்கச் சொல்லுங்கோ, நான் கதைக்கிறன். உறுதியை முதல்ல கொண்டுபோய்ப் பெட்டிக்குள்ள வையுங்கோ."