சூடானால் ஏறி இறங்கும் ஐடில்: ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

என்னிடம் கார்புரேட்டர் காலத்து எஸ்டீம் ஒன்று இருக்கிறது. 1.3 லிட்டர் எஞ்சின். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்டர்களும், நாலு வயர் ஸ்டெப்பர் ஐடில் வால்வு (ஐடிலில் காற்றைப் படிப்படியாகத் திறந்து மூடும் மோட்டார் வால்வு) உள்ள த்ராட்டில் பாடியும் மாட்டி, ஸ்பீடுவினோ 0.4 போர்டில் (நாமே அமைத்துக்கொள்ளும் எஞ்சின் கன்ட்ரோல் போர்டு) ஓட்டுகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் 1,100 ஆர்பிஎம்மில் அழகாக நிற்கிறது. கூலன்ட் 70 டிகிரி தாண்டியதும் 700-க்கும் 1,500-க்கும் நடுவே ஏறி இறங்க ஆரம்பிக்கிறது. சில சமயம் ஆஃப் ஆகிவிடுகிறது. ஆர்பிஎம்மைப் பார்த்து வால்வைத் திருத்தும் பிஐடி எண்களை (பி, ஐ, டி) எல்லா விதமாகவும் மாற்றிப் பார்த்துவிட்டேன். போர்டில் புது ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் புரோகிராம்) ஏற்றியும் வித்தியாசம் இல்லை. லாம்ப்டா கரெக்‌ஷன், ஓவர்ரன் கட் இரண்டும் ஆன் செய்திருக்கிறேன். ஃபர்ம்வேரில்தான் பிழை என்று தோன்றுகிறது. ஐடில் கோடைத் திறந்து நானே திருத்தலாமா? எங்கே பார்க்க வேண்டும்?

கா., கோவை

அன்புள்ள கா.,

திருத்தலாம். ஸ்பீடுவினோவின் கோடு யாரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. ஐடில் சம்பந்தப்பட்டதில் பெரும்பகுதி ஒரே கோப்பில் இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் உங்கள் கடிதத்திலேயே வந்துவிட்டது. 30 டிகிரியில் ஓடுவதும் 70 டிகிரியில் ஓடுவதும் அதே கோடு, அதே பிஐடி எண்கள், அதே வால்வு. கணக்கில் தப்பு இருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும். அதனால் 70 டிகிரியில் புதிதாக என்ன வேலைக்கு வருகிறது, எது ஓய்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

ஓய்வது வார்ம்-அப் எரிபொருள். குளிரில் எஞ்சினுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் போய்க்கொண்டிருந்தது. சூடேற ஏற அது குறைந்து, கடைசியில் உங்கள் விஇ டேபிளில் (எந்த ஆர்பிஎம், எந்த லோடுக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதன் அடிப்படை அட்டவணை) இருக்கும் எண் மட்டும் மிஞ்சுகிறது. அந்த எண் குறைவாக இருந்தால் கலவை லீன் ஆகிவிடும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாது. லீன் கலவையில் எஞ்சின் ஏன் ஆடுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காற்றும் பெட்ரோலும் 13-க்கு 1 என்ற இடத்தின் பக்கத்தில் இருக்கும்போது, கலவை இப்படியோ அப்படியோ கொஞ்சம் நகர்ந்தாலும் எஞ்சினின் இழுவை பெரிதாக மாறுவதில்லை. 15, 16 என்று லீன் பக்கம் போய்விட்டால் அதே அளவு நகர்வுக்கு இழுவை மளமளவென்று இறங்கும். ஐடிலில் கலவை எப்போதும் கொஞ்சம் ஆடிக்கொண்டுதான் இருக்கும். அந்தச் சின்ன ஆட்டம் ஆர்பிஎம்மில் பெரிய ஆட்டமாகத் தெரியக் காரணம் இதுதான். இப்படி வீட்டில் மாற்றிய எஞ்சினை ஐடிலில் 13.5-லிருந்து 14-க்குள் வைத்தால் பெரும்பாலும் அமைதியாக நிற்கும். மைலேஜ் கணக்கை அந்த ஒரு இடத்தில் மட்டும் மறந்துவிடுங்கள்.

வேலைக்கு வருவது லாம்ப்டா கரெக்‌ஷன். குறிப்பிட்ட கூலன்ட் சூட்டுக்கு மேல்தான் அது ஆரம்பிக்கும்படி செட்டிங் இருக்கும். உங்களுடையதில் 70 என்று இருக்கிறதா பாருங்கள், இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எரிந்த வாயுவில் கலவையை அளந்து பெட்ரோலைத் திருத்துவது அது. அதன் சென்சார் சைலன்சர் குழாயில் இருக்கிறது. 800 ஆர்பிஎம்மில் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினின் ஒரு முழுச் சுற்றுக்கே 150 மில்லிசெகண்ட் ஆகிவிடுகிறது. எரிந்த வாயு மெதுவாக நகர்ந்து சென்சாரைத் தொட இன்னும் நேரம் ஆகும். போர்டு படிப்பது முன்பு எரிந்த கலவையை. திருத்துவது இனி எரியப்போகும் கலவையை. லீன் என்று படித்துப் பெட்ரோலைக் கூட்டும்போது எஞ்சின் ஏற்கெனவே ரிச் ஆகியிருக்கும். இந்தக் கரெக்‌ஷனை 1,300-க்கு மேல் மட்டும் வேலை செய்யும்படி வைத்துவிட்டு, ஐடிலை விஇ டேபிளை வைத்தே சரிசெய்யுங்கள்.

அடுத்தது ஓவர்ரன் கட். 1,500 வரை ஏறி உடனே விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 1,500-தான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. லாக்கில் (போர்டின் அளவுகள் பதிவாகும் வரைபடம்) ஆர்பிஎம் கோட்டுக்குக் கீழே இன்ஜெக்டர் பல்ஸ் விட்த் (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம்) கோட்டை வைத்துப் பாருங்கள். உச்சியில் பல்ஸ் விட்த் சுழியத்தைத் தொட்டு, ஆர்பிஎம் கீழே போனதும் திரும்பி வருகிறது என்றால் நடப்பது இதுதான்: கால் ஆக்சிலரேட்டரில் இல்லை, ஆர்பிஎம் எல்லையைத் தாண்டிவிட்டது, வண்டி இறக்கத்தில் போகிறது என்று நினைத்து போர்டு பெட்ரோலை நிறுத்திவிடுகிறது. எஞ்சின் சரிகிறது. ஐடில் கணக்கு பதறிப்போய் வால்வைத் திறக்கிறது. பெட்ரோல் திரும்பி வரும்போது காற்று தேவைக்கு மேல் இருப்பதால் மறுபடியும் 1,500. லாக்கில் ரம்பப் பல் போலத் தெரியும் கோடு என்றால் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். எல்லையை 2,000-க்குப் பக்கத்தில் தூக்கிவிட்டு, கட் தொடங்கக் கொஞ்சம் தாமதமும் கொடுங்கள். இதில் பிஐடி எண்களை எத்தனை மாற்றினாலும் ஒன்றும் ஆகாது.

இதையெல்லாம் ஒரேயடியாகச் செய்யாதீர்கள். முதலில் ஐடிலை ஓப்பன் லூப் ஸ்டெப்பருக்கு மாற்றுங்கள், அதாவது ஆர்பிஎம்மைப் பார்த்துத் திருத்தாமல் அட்டவணைப்படி மட்டும் வால்வை வைப்பது. மாற்றியதும் இக்னிஷனை ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டும். ஐடில் வகையை போர்டு ஸ்டார்ட் ஆகும்போதுதான் எடுத்துக்கொள்ளும். இதைச் செய்யாமல், செட்டிங்கை மாற்றியும் பலனில்லை என்று சொல்கிறவர்கள் நிறைய. அப்புறம் சூட்டுக்குரிய கட்டங்களில் எல்லாம் ஒரே ஸ்டெப் எண்ணைப் போட்டு வால்வை ஓர் இடத்தில் நிறுத்திவிடுங்கள். வால்வு அசையாமல் இருக்கும்போதும் எஞ்சின் ஏறி இறங்கினால் பிஐடி மேல் பழி இல்லை. கலவை, டைமிங், எங்கேயாவது ஏர் லீக் என்று தேடலாம். கார்புரேட்டர் எடுத்த எஞ்சினில் மேனிஃபோல்டில் அடைபடாமல் விட்ட வேக்கம் நிப்பிள் ஒன்றாவது இருப்பது வழக்கம். சந்தேகமான இடங்களில் கார்ப் க்ளீனரை அடித்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்க்கும் பழைய வழி இருக்கிறது. சூடான எஞ்சினில் அடிப்பதால் தீ ஜாக்கிரதை.

2001-ல் ப்ரூஸ் பௌலிங்கும் ஆல் கிரிப்போவும் கொண்டுவந்த, ஸ்பீடுவினோ போலவே நாமே பூட்டும் போர்டான முதல் மெகாஸ்குவர்ட்டில் ஐடில் கட்டுப்பாடு என்று இருந்தது, குளிரில் ஒரு வால்வைத் திறப்பதும் சூடானதும் மூடுவதும் மட்டும்தான். பிஐடி கிடையாது, ஸ்டெப்பர் கிடையாது. அதைப் போட்டவர்களின் எஞ்சின்கள் சூட்டில் த்ராட்டில் ஸ்க்ரூவை மட்டும் நம்பி நின்றன. க்ளோஸ்டு லூப் (பிஐடி வைத்து ஆர்பிஎம்மைத் திருத்துவது) இல்லாமலே நிற்கும் எஞ்சினுக்குத்தான் க்ளோஸ்டு லூப் உதவும் என்பது என் கட்சி.

வால்வு நிலையாக இருக்கும்போது இக்னிஷன் டேபிளையும் பாருங்கள். 600, 800, 1,000, 1,200 என்று போகும் கட்டங்களில் அட்வான்ஸ் (ஸ்பார்க் எத்தனை டிகிரி முன்னதாக வருகிறது என்பது) ஏறிக்கொண்டே போனால், ஆர்பிஎம் கூடக் கூட இழுவையும் கூடி எஞ்சின் தன்னைத்தானே தள்ளிக்கொள்ளும். அந்தப் பகுதியைத் தட்டையாக்கி, 800-க்குக் கீழே மட்டும் இரண்டு மூன்று டிகிரி கூட்டி வையுங்கள். விழும் எஞ்சினை டைமிங் தாங்கிப் பிடிக்கும். காற்று மேனிஃபோல்டை நிரப்ப நேரம் எடுக்கும். ஸ்பார்க்கின் மாற்றம் அடுத்த எரிப்பிலேயே தெரியும். நாலு சிலிண்டருக்கு 800 ஆர்பிஎம்மில் அது 37.5 மில்லிசெகண்ட். ஸ்பீடுவினோவில் ஐடில் அட்வான்ஸ் என்று இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. உங்களைப் போலவே பலரும் அதைத் தொடுவதே இல்லை.

இப்போது ஃபர்ம்வேருக்கும் ஸ்டெப்பருக்கும் வருவோம். போர்டை செட் செய்யும் ட்யூனர்ஸ்டூடியோ சாஃப்ட்வேரில் தெரியும் ஐடில் ஸ்டெப் எண், வால்வு இருக்கும் இடம் அல்ல. அது ஃபர்ம்வேர் வைத்திருக்கும் கணக்கு. கடைக்காரர் பெட்டியைத் திறக்காமல் பேரேட்டை மட்டும் பார்த்துப் பணம் இருக்கிறது என்று நம்புவதைப் போல, போர்டு அனுப்பிய ஸ்டெப்பெல்லாம் நடந்துவிட்டதாக நம்புகிறது. ஸ்டெப் நேரம் மிகக் குறைவாக இருந்தாலோ, ஸ்டெப்பரை ஓட்டும் டிஆர்வி8825 மாட்யூலில் கரண்ட் அளவு தாழ்ந்திருந்தாலோ, வால்வில் கரி படிந்திருந்தாலோ மோட்டார் சில ஸ்டெப்களைத் தவறவிடும். கணக்கில் 60, வால்வில் 35. நாலு வயரில் ஒரு ஜோடி தலைகீழாக இருந்தால் திற என்றால் மூடும். ஹோமிங் (ஸ்டார்ட் ஆகும்போது வால்வை முழுக்க மூடிச் சுழியத்தைப் பிடிப்பது) ஸ்டெப் எண்ணிக்கை வால்வின் மொத்த நகர்வைவிட அதிகமாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சுழியமே தப்பான இடத்தில் விழும். வால்வைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு (நுனிக் கம்பியான பின்டில் முழுக்க வெளியே வந்து கழன்றுவிடாமல்) இக்னிஷனை ஆன் செய்து பாருங்கள். நேரில் பார்ப்பதற்கு ஈடு எந்த லாக்கும் இல்லை.

செல்ஃப் அடிக்கும்போதோ ஃபேன் ஓடும்போதோ வோல்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆவதும் உண்டு. அப்படி ரீசெட் ஆன போர்டு மறுபடியும் ஹோமிங்குக்குப் போய்விடும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்வு மூடப்படும். நீங்கள் சொல்லும் ‘சில சமயம் ஆஃப் ஆகிவிடுகிறது’ இதுவாகவும் இருக்கலாம். லாக்கில் செக்எல் என்ற கோடு போர்டு விழித்ததிலிருந்து ஓடிய செகண்டுகளை எண்ணும், 255 வரை போய் மறுபடியும் சுழியத்திலிருந்து தொடங்கும். 255-ஐத் தொடும் முன்பே அது சுழியத்துக்குத் திரும்பியிருந்தால் பவர் வயரையும் எர்த்தையும் கவனியுங்கள்.

இவ்வளவும் முடிந்து வால்வு ஒரே இடத்தில் இருக்க எஞ்சின் நின்ற பிறகு க்ளோஸ்டு லூப்புக்குத் திரும்புங்கள். ஓப்பன் லூப்பில் சூட்டில் எந்த ஸ்டெப்பில் நின்றதோ அதைச் சுற்றி மேல் எல்லையும் கீழ் எல்லையும் இறுக்கமாக வையுங்கள். 3,000 ஆர்பிஎம்மிலிருந்து கிளட்சை மிதித்து இறங்கும்போது, ‘ஆர்பிஎம் அதிகம்’ என்று ஐ கணக்கு வால்வை அடிவரை மூடிவிடாமல் இருக்கக் கீழ் எல்லைதான் காவல். பி சின்னதாக, ஐ அதைவிடப் பொறுமையாக, டி சுழியத்தில் ஆரம்பியுங்கள். ஐடிலில் ஆர்பிஎம் எண்ணே நடுங்கிக்கொண்டிருக்கும், டி அந்த நடுக்கத்தைத்தான் பெரிதாக்கும்.

அப்படியும் கோடைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றால், ஐடில் கோப்பில் ஸ்டெப்பர் ஆரம்பிக்கும் பகுதியை முதலில் படியுங்கள். நீங்கள் திரையில் தரும் ஸ்டெப் எண்கள் மூன்றால் வகுக்கப்பட்டு ஒரே பைட்டில் சேமிக்கப்படுகின்றன. கோடு அவற்றை மீண்டும் மூன்றால் பெருக்கிக்கொள்கிறது. சூட்டு எண்கள் 40 கூட்டிச் சேமிக்கப்படுகின்றன. இந்த இரண்டையும் கவனிக்காமல் ஒரு வரியை மாற்றினால், இல்லாத பிழை ஒன்றை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். பிறகு ஸ்டெப்பரின் அடுத்த அசைவை அனுமதிக்கும் ஃபங்ஷனைப் பாருங்கள். ஸ்டெப் நேரமும் கூல் நேரமும் (ஸ்டெப்களுக்கு நடுவே மோட்டாருக்குத் தரும் ஓய்வு) அங்கேதான் கணக்காகின்றன. லாக் அனுப்பும்போது ஆர்பிஎம், மேப் (மேனிஃபோல்டின் அழுத்தம்), டிபிஎஸ் (த்ராட்டில் நிலை), ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்), பல்ஸ் விட்த், அட்வான்ஸ், ஐடில் ஸ்டெப், பேட்டரி வோல்டேஜ், செக்எல் ஆகிய ஒன்பதும் இருக்கட்டும். சூடேறும் நேரத்தையும் சேர்த்து எடுங்கள். 65 டிகிரியிலிருந்து 75 டிகிரி வரை எனக்குத் தேவை.