பிரஷருக்கு ஏன் இத்தனை குளிசை?

கணவருக்கோ மனைவிக்கோ கிளினிக்கில் பிரஷருக்கே மூன்று குளிசை, இதயத்துக்கு இன்னும் இரண்டு என்று கொடுத்தால் பயம் வரத்தான் செய்யும். பிரஷர் என்பது இரத்தம் குழாய்ச் சுவரை அழுத்தும் விசை. மலையிலிருந்து லயத்துக்கு வரும் தண்ணீர்க் குழாய் வெடிக்கும்போல் இருந்தால் தண்ணீரைக் குறைக்கலாம், குழாயைப் பெரிதாக்கலாம், வேகத்தைத் தணிக்கலாம். அப்படித்தான் ஹைட்ரோகுளோரோதயசைட் என்ற நீர்க் குளிசை உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும், லோசார்டன் குழாயைத் தளர்த்தும், பிசோப்ரோலோல் இதயத் துடிப்பை மெதுவாக்கும். ஒன்றையே கூட்டிக்கொண்டு போனால் பக்கவிளைவும் கூடும், அதனால்தான் சிறு அளவில் பல. ஆஸ்பிரினும் அட்டோர்வாஸ்டட்டினும் பிரஷருக்கு அல்ல, இரத்தம் உறையாமலிருக்கவும் கொழுப்புக்கும்.

அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் தந்த லோசார்டனும் ஹட்டன் பாமசியில் வேறு பெயரில் வாங்கியதும் ஒரே மருந்தாக இருக்கலாம், இரண்டையும் போட்டால் தலைசுற்றி விழுவார்கள். வலிக் குளிசை வாங்கும்போதும் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள், டைக்ளோபினாக் பிரஷரை ஏற்றும். அப்புறம், கொழுந்து மலையில் சிறுநீர் வந்தால் எங்கே போவது என்று நீர்க் குளிசையை விடுகிறவர்கள் நிறைய. விடாதீர்கள், நேரத்தை மாற்றலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

பிரஷர் 120/80க்கு வந்ததும் நோய் போய்விட்டது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்த அளவே குளிசையால் வந்தது, பிசோப்ரோலோலைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியே வரலாம்.