ஓய்வு பெற்ற பின் வரும் வெறுமையை எப்படி எதிர்கொள்வது?

பணக் கவலையோ உடல் நலக் குறைவோ இல்லாதபோதும், ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே மனம் எதிலும் ஒட்டவில்லை என்றும், இப்படி எண்ணுவதே தவறோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். தவறில்லை. 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரே என்ற இரு மனநல மருத்துவர்கள், 43 வாழ்க்கை நிகழ்வுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பழகிக்கொள்ள மனிதர் எவ்வளவு சிரமப்பட வேண்டியிருக்கிறது என்று மதிப்பெண் இட்டார்கள். அதில் வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கு 47, ஓய்வு பெறுவதற்கு 45. பாராட்டு விழா நடத்தி வழியனுப்பினாலும் மனத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நானும் ஓய்வு பெற்றவன். பொழுதுபோக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்லும் அறிவுரையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 1930களின் தொடக்கத்தில், ஆஸ்திரியாவில் மரியென்டால் என்ற சிற்றூரின் ஆலை மூடப்பட்டு ஊரே வேலை இழந்தபோது, மேரி யஹோடாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் அங்கு சென்று பார்த்தார்கள். கையில் நேரம் குவிந்திருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடத் தளர்ந்திருந்தது. அவர்கள் வறுமையிலும் வாடியவர்கள் என்பதால் நம் நிலை முற்றிலும் அதுவல்ல. ஆயினும், நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதப் பழக்கம், பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், கட்டாயமாகச் செய்தாக வேண்டிய காரியம் ஆகிய ஐந்தையும் வேலை நாம் கேட்காமலே தருகிறது என்று யஹோடா பின்னர் எழுதியது நமக்கும் பொருந்தும். நீங்கள் இழந்திருப்பது இவற்றைத்தான்.

ஓய்வுக்குப் பின் படிக்கலாம் என்று நான் சேர்த்து வைத்திருந்த புத்தகங்களில் அடையாளத் தாள் வாரக்கணக்கில் ஒரே பக்கத்தில் கிடந்தது. நாளைக்கும் படிக்கலாம் என்பதால் இன்றைக்குப் படிக்கத் தோன்றவில்லை. பார்வையற்ற மாணவர் ஒருவருக்குப் பாடங்களை வாசித்துக் காட்ட ஒப்புக்கொண்ட பிறகுதான் செவ்வாய் எது, வெள்ளி எது என்பதே எனக்கு மீண்டும் தெரியத் தொடங்கியது. நான் கொஞ்சம் தாமதித்தாலும், "சார், கிளம்பிட்டீங்களா?" என்று அவரிடமிருந்து போன் வந்துவிடும். ஆகவே நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும், நீங்கள் வராவிட்டால் இன்னொருவருக்குக் காரியம் கெடும் என்கிற வகையில் அது இருக்கட்டும். தோட்டம் வளர்ப்பதும் ஓவியம் வரைவதும் அதற்குப் பிறகு தாமாகவே இனிக்கும்.

வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் வேலைக்குப் போயிருந்த காலமெல்லாம் உங்கள் துணை தமக்கென ஓர் ஒழுங்கை அமைத்துக்கொண்டு வாழ்ந்திருப்பார். அதை மேற்பார்வையிடப் புதிதாக ஓர் அதிகாரி அவருக்குத் தேவைப்படாது (இதை என் மனைவி இன்னும் சுருக்கமாகச் சொன்னார்). பகலில் சில மணி நேரமாவது இருவரும் தனித்தனியே இருப்பது நல்லது.

உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாத நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதை ஓய்வுக்காலச் சோர்வு என்று நீங்களே முடிவுகட்டிவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு நோய்க்கு எந்த வயதிலும் சிகிச்சை உண்டு.