காலைப் பனியும் இமயத்துப் பனியும்

கேள்வி: ஓசூரில் மாசி, பங்குனிக் காலைப் பனி குறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. இமயமலையிலும் பனிப்பொழிவு குறைகிறது என்கிறார்களே, இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: ஒன்றல்ல. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகளே இமயத்தில் பனியைக் கொட்டுகின்றன. வெப்பம் சற்று உயர்ந்தாலே தாழ்ந்த சரிவுகளில் அது மழையாகிவிடும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் நாம் காண்பதோ, மேகமற்ற இரவில் தரை விரைந்து குளிர்வதால் உண்டாகும் மூடுபனியும் புல்நுனியில் திரளும் பனித்துளியும்தான். இரவில் மேகம் கவிந்தாலே இவை குறைந்துவிடும் என்பதால், சில ஆண்டு நினைவை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. வானிலையாளர்கள் 1991–2020 போன்ற 30 ஆண்டுச் சராசரியோடுதான் ஒப்பிடுகிறார்கள். பருவம் மாறுகிறதா என்று நீங்களே கவனிக்க, உங்கள் பகுதி மாந்தோப்புகளில் பூவெடுக்கும் நாளையும், பூங்கொத்தில் சாம்பல் நோய் (வெண்பொடி போன்ற பூஞ்சை நோய்) படரும் நாளையும் ஆண்டுதோறும் குறித்துவையுங்கள்.