அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தைராய்டு: மகளுக்கும் வருமா?

தக்கலையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "எனக்கும் அக்காவுக்கும் ஹாஷிமோட்டோ தைராய்டு. தம்பிக்கு ஒன்றுமில்லை. 13 வயது மகள் போன வருஷம்தான் வயசுக்கு வந்தாள். பெண்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்பதால்தான் இது வருகிறதா? தைமஸ் சுரப்பியைப் பலப்படுத்தும் மாத்திரை கொடுக்கலாமா?"

மாத்திரை வேண்டாம். பெண்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்பதும் சரியல்ல. உண்மை ஏறக்குறைய நேர்மாறானது: எதிர்ப்புச் சக்தி சொந்தத் தைராய்டு சுரப்பியையே தாக்குவதுதான் ஹாஷிமோட்டோ.

தைமஸ் நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் செல்கள் இங்கேதான் டி செல்களாக, அதாவது நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணுக்களாக, முதிர்கின்றன. 1961-இல் ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி இதன் பயனைக் காட்டும்வரை, வேண்டாத உறுப்பு என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். முதிரும் செல்களுக்கு அங்கே கடுமையான சோதனை உண்டு. தைராய்டு, கணையம் போன்ற உறுப்புகளின் புரதங்களைத் தைமஸ் தானே சிறிதளவு தயாரித்துக் காட்டும். அவற்றின்மேல் பாய்கிற செல்களில் பெரும்பாலானவை அங்கேயே அழிந்துவிடும். இப்படிக் காட்டுவதற்கு 'ஏர்' என்ற மரபணு தேவை. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் அதன் வேலையை மட்டுப்படுத்துகிறது, ஆண் ஹார்மோன் தூண்டிவிடுகிறது என்று 2016-இல் வந்த ஆய்வுகள் காட்டின. அதனால் வயசுக்கு வந்தபின், சொந்த உடலைத் தாக்கக்கூடிய செல்கள் பெண்களிடம் சற்றுக் கூடுதலாகத் தப்பி வெளியேற வாய்ப்பிருக்கிறது.

அதே ஆண் ஹார்மோன் தைமஸை வேகமாகச் சுருக்கவும் செய்கிறது. ஒரே வயதுள்ள ஆணைவிடப் பெண்ணுக்குப் புதிய டி செல்கள் சராசரியாக அதிகம் கிடைக்கின்றன. தடுப்பூசிக்கும் பெண் உடல் பொதுவாக நன்றாகவே பதில் தருகிறது. எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் இன்னொரு நோயான லூபஸ் வந்தவர்களில் 10 பேரில் 9 பேர் பெண்கள் என்பதற்கும் இந்த வீரியத்துக்கும் தொடர்புண்டு. எக்ஸ் குரோமோசோமுக்கும் குடும்ப மரபணுக்களுக்கும் இதில் பங்கிருக்கிறது. ஹார்மோனை மட்டும் குற்றம் சொல்லி உங்கள் மகளைப் பயமுறுத்தாதீர்கள்.

தைமஸ் மாத்திரைகள் பலவும் மாட்டின் தைமஸை உலர்த்திப் பொடித்தவை. தைராய்டு நோயைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கடற்பாசி மாத்திரையும் கொடுக்க வேண்டாம். அளவுக்கு மீறிய அயோடின் இந்த நோயைக் கிளப்பிவிடலாம்.

தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனையை மகளுக்கு ஒருமுறை செய்து பாருங்கள். கழுத்து வீக்கம், ஓயாத அசதி, மலச்சிக்கல், மாதவிலக்குக் கோளாறு, உயரம் கூடாமை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டுக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதமான ஆன்டிபாடி இருக்கிறதா என்ற பரிசோதனையும் செய்யச் சொல்வார். ஆன்டிபாடி இருந்தும் டிஎஸ்ஹெச் சரியாக இருந்தால் பொதுவாக மருந்து தேவைப்படாது, வருஷத்துக்கு ஒருமுறை சோதித்தால் போதும். முடி வளர பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பரிசோதனை முடிவு தவறாக வரலாம்.

தைராய்டுக்கு ஆகாது என்று நம் மாவட்டத்தில் மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) விடச் சொல்ல எனக்கு மனமில்லை, தேவையுமில்லை. நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்து, மீன்கறியோடு கொடுங்கள். வீட்டில் அயோடின் உப்பே இருக்கட்டும். உங்கள் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, அரைமணி நேரமாவது கழித்துச் சாயா குடியுங்கள்.