நைட் டூட்டியில் இரண்டு மணிக்கு வரும் பசிக்கு மனக்கட்டுப்பாடு இல்லாததுதான் காரணமா?

கேள்வி: "ஆறு மாதமாக நைட் ஷிஃப்ட். இரவு இரண்டு மணிக்கு மேல் பொரித்தது, இனிப்பு என்று எதையாவது தின்றால்தான் வேலை ஓடுகிறது. காலையில் வீட்டுக்கு வந்தால் பசியும் இல்லை, சரியான தூக்கமும் இல்லை. எடை மட்டும் ஏறுகிறது. மனக்கட்டுப்பாடு இல்லாததுதான் காரணமா? டீயைக் குறைத்தால் சரியாகுமா?"

கடைசிக்கு முந்தைய வரியைப் படித்ததும் சுருக்கென்றது. என்னிடம் யாரும் இதைக் கேள்வியாகக் கேட்டதில்லை. தீர்ப்பாகவே சொன்னார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் குர்காவ் பக்கம் ஏதோ கம்பெனியில், பி.ஜி.யில் தங்கி, ஊரில் அம்மா பெண் பார்த்துக்கொண்டிருக்கும் வயதில் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். தப்பென்றால் விட்டுவிடுங்கள். எனக்கு 43 வயது. டெல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை, பதினோரு வருடமாக. நான் டாக்டர் இல்லை. ரத்தம் எடுப்பதும் மெஷினில் ஓட்டுவதும் ரிப்போர்ட் போடுவதும்தான் என் வேலை. ஆகவே "நீ யார் இதைச் சொல்ல" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அதே போல், "என் பெரியப்பா முப்பது வருடம் ரயில்வேயில் நைட் பார்த்தார், அவருக்குச் சர்க்கரையே இல்லை" என்று எழுத ஒருவர் வருவார். பெரியப்பா நன்றாக இருக்கட்டும்.

எங்கள் கேட்டுக்கு வெளியே ஒரு டீக்கடை உண்டு. ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும். சரியாக இரண்டேகாலுக்கு அவர் இஞ்சி தட்ட ஆரம்பிப்பார். டக் டக்கென்று அந்தச் சத்தம் லேப் ஜன்னல் வரை கேட்கும். அதன் பின்னாலேயே பிரெட் பகோடா. உள்ளே உருளைக்கிழங்கு மசாலா, மேலே கடலை மாவு, தொட்டுக்கொள்ளப் பச்சைச் சட்னி. முதல் வருடம் குளிருக்காக ஒன்று சாப்பிட்டேன். மூன்றாவது வருடம் இரண்டு பகோடா, கூடவே சர்க்கரை தூக்கலாக டீ. இதில் முக்கியமானது, பகோடாவைக் கண்ணால் பார்க்கும் முன்னாலேயே இஞ்சி தட்டும் சத்தத்துக்கு என் வாயில் எச்சில் ஊறும். டூட்டிக்குக் கிளம்பும் முன்னால்தான் வீட்டில் வயிறு முட்டச் சோறு தின்றுவிட்டு வந்திருப்பேன். அது பசியே இல்லை.

நான்கு வருடத்தில் 58 கிலோவிலிருந்து 71க்குப் போனேன். திருச்சியில் இருக்கும் நாத்தனார் போனில் அத்தையிடம் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது: "பகல் பூராத் தூங்குறவளுக்கு உடம்பு போடாம என்ன செய்யும்?" அத்தை பாவம், பதில் சொல்லாமல் போனைக் கொஞ்சம் காதோடு அழுத்திக்கொண்டார்.

ஒருநாள் வேலை குறைவான ராத்திரி. என் ரத்தத்தை நானே எடுத்து மெஷினில் ஓட்டினேன். (விதிப்படி செய்யக்கூடாது. செய்தேன்.) ஹெச்பிஏ1சி 6.2. இது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் கணக்கு. 5.7க்குக் கீழே இருந்தால் நல்லது, 6.5 வந்தால் சர்க்கரை நோய். நான் வாசலில் ஒரு காலை உள்ளே வைத்திருந்தேன். தினமும் நூறு பேருக்கு இந்த எண்ணைப் போட்டுக் கொடுக்கிறவள், என் பெயருக்கு நேரே பார்த்தபோது கை நடுங்கியது.

அப்புறம் ஒரு டாக்டரிடம் காட்டினேன். ரிப்போர்ட்டை முழுதாகப் பார்க்காமலே "வாயைக் கட்டணும்மா, வேற ஒண்ணும் இல்ல" என்றார். ஐந்நூறு ரூபாய். நைட் டூட்டியா என்றுகூடக் கேட்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன். இ.எஸ்.ஆர். டெஸ்டுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரங்களைச் சேர்த்துச் சேர்த்துத்தான் படித்தேன்.

முதலில் கிடைத்தவரே டெல்லிக்காரர். பி.கே. ஆனந்த். எய்ம்ஸில் உடலியங்கியல் துறைக்கு முதல் தலைவராக இருந்தவர். அதற்கு முன்னால், 1951இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ப்ரோபெக் என்பவரோடு எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்று பாதாம் பருப்பளவு ஒரு பகுதி இருக்கிறது. அதன் பக்கவாட்டில் இருபுறமும் ஒரு சின்ன இடத்தை மட்டும் சேதப்படுத்தினால், எலி சாப்பிடுவதையே நிறுத்திவிடுகிறது. தீனி எதிரிலேயே இருக்கும், தொடாது, பட்டினி கிடந்து செத்துப்போகும். அதே ஹைபோதலாமஸில் நடுவில் வேறொரு இடத்தைச் சேதப்படுத்தினால் எலி தின்று தின்று உருண்டையாகிவிடும் என்பது அதற்கும் முன்பே தெரிந்திருந்தது. இந்த எலிகளில் எது மனக்கட்டுப்பாடு உள்ள எலி என்று அந்த டாக்டரைக் கேட்க வேண்டும் போலிருந்தது. (பசி இவ்வளவு எளிமையான சுவிட்ச் இல்லை, இன்னும் பல நரம்புக் கூட்டங்கள் சேர்ந்து நடத்தும் வேலை என்று பின்னால் தெரியவந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது பிடித்துக்கொள்வார்கள்.)

அதே பக்கவாட்டு இடத்தில்தான் 1998இல் ஓரெக்சின் என்ற மூளைச் சுரப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கிரேக்க மொழியில் பசியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆனால் அதன் பெரிய வேலை நம்மை விழித்திருக்க வைப்பது. அது சுரக்காமல் போனவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிழுகிறார்கள். ஆக, விழிக்க வைப்பதும் பசியைத் தூண்டுவதும் ஒரே பொருள். ராத்திரி முழுக்க நம்மைப் பிடித்து உட்காரவைப்பது எதுவோ, அதுவே "ஏதாவது தின்னேன்" என்றும் சொல்கிறது.

தூக்கம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2004இல் சிகாகோவில் ஒரு சின்ன ஆய்வு நடந்தது. பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். வயிற்றிலிருந்து பசி என்று சொல்லும் க்ரெலின் 28 சதவீதம் ஏறியது. கொழுப்பிலிருந்து போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. அவர்கள் அதிகம் கேட்டது இனிப்பு, உப்புத் தீனி, மாவுப் பண்டம். கீரை கேட்கவில்லை. பன்னிரண்டே பேர்தான் என்று சொல்வீர்கள், சரி. எனக்கு என் பகோடாவைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது.

காலையில் பசி இல்லை என்றீர்களே, அதற்குக் காரணம் வேறு. உடம்புக்குள் இருக்கும் கடிகாரப்படி நம் பசி காலை எட்டு மணி வாக்கில் மிகக் குறைவாகவும் இரவு எட்டு மணி வாக்கில் உச்சத்திலும் இருக்கும் என்று 2013இல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. இதைப் படித்தபோது அத்தையின் இட்லிதான் ஞாபகம் வந்தது. தினமும் நான் வரும் நேரத்துக்குச் சுடச்சுட வைத்திருப்பார். நான் ஒன்றோடு எழுந்துவிடுவேன். "வெளியில தின்னுட்டு வந்துட்டா" என்று அவருக்கு வருத்தம். வெளியில் தின்றதும் உண்மைதான், அதை மறுக்கவில்லை.

பதினோரு வருடமாகியும் அந்தக் கடிகாரம் ஏன் ராத்திரிக்கு மாறவில்லை? இதற்குப் பதில் எங்கள் ஊரிலேயே இருந்தது. எனக்குச் சொந்த ஊர் மதுரை, நாகமலைப் புதுக்கோட்டை. பக்கத்தில் இருக்கும் காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். மதுரைப் பக்கத்துக் குகைகளில் வௌவால்களை வைத்து உடம்புக் கடிகாரத்தை ஆராய்ந்தவர். குகையின் இருட்டில் ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்தால், வெளியே பகலா இரவா என்று அதற்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் மற்ற வௌவால்கள் கிளம்புவதையும் திரும்புவதையும் வைத்தே தன் நேரத்தைச் சரியாக வைத்துக்கொள்கிறது. கூட்டம் இல்லாத குகையில் தனியாக வைத்தால் நாளுக்கு நாள் நேரம் நழுவுகிறது. சின்ன வயதில் அந்தப் பக்கத்து மலைகளில் வௌவால் நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன், இவ்வளவு விஷயம் அதற்குள் இருக்கும் என்று யார் கண்டது.

நானும் அந்தக் கூண்டு வௌவால்தான். வீட்டில் எல்லோரும் பகல் ஆட்கள். லீவு நாளில் நானும் பகல் ஆள். போதாததற்கு ஜூன் மாத டெல்லியில் ஐந்தரைக்கே விடிந்துவிடும். ஏழு மணிக்கு நான் கேட்டைத் தாண்டும்போது வெயில் மூஞ்சியில் அறையும். கண்ணின் உள்திரையில் பார்வைக்காக இல்லாமல், பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அந்த வெயில் பட்டால் "பகல் வந்தாச்சு" என்று தகவல் போய்விடும். அப்புறம் ஜன்னலை மூடினாலும் தூக்கம் எங்கே வரும்?

அதனால் கூலிங் கிளாஸ் வாங்கினேன். லேபிலிருந்து வீடு வரை கழற்றுவதில்லை. மெட்ரோவில் ஒரு அம்மா "ஐ ஃப்ளூவா?" என்று கேட்டுவிட்டு இரண்டு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தார். நம் ஊரில் என்றால் மெட்ராஸ் ஐ என்று நினைத்திருப்பார்கள். போகட்டும், உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கிறது.

தூக்கத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெல்லியில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு வீடு இருந்தால் ஊர் உறவுக்கெல்லாம் அது சத்திரம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் காலையில் வந்து நிற்கும், நான் டூட்டி முடிந்து நேரே ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும். குதுப்மினார், மலை மந்திர், கரோல்பாக்கில் ஸ்வெட்டர், கடைசியில் ஆக்ரா. போன வருடம் ஒரு சித்தப்பா குடும்பம். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும் என்று போனில் மூன்று முறை சொன்னேன். வெள்ளிக்கிழமைக்கே கார் பேசிவிட்டு, அங்கே போய் மூடிய கேட்டைப் பார்த்துவிட்டு, "நீ கூட வந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்றார்கள். எனக்கு அன்றைக்கு மொத்தமே இரண்டு மணி நேரத் தூக்கம். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

சரி, பழக்கம் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு வருகிறேன். வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து அவற்றின் டோபமைன் நரம்புகளை (மூளையில் ஆசையையும் எதிர்பார்ப்பையும் தூண்டும் நரம்புகள்) கவனித்தார். முதலில் சாறு வாயில் விழும்போது நரம்பு துடித்தது. சாறுக்கு முன் ஒரு அடையாளம் காட்டிப் பழக்கியதும், துடிப்பு அந்த அடையாளத்துக்கு நகர்ந்துவிட்டது. சாறு வந்தபோது புதிதாக எதுவும் இல்லை. அடையாளம் காட்டிவிட்டுச் சாறு தராவிட்டால் துடிப்பு சட்டென்று தாழ்ந்தது. என் அடையாளம் இஞ்சி தட்டும் சத்தம். எங்கள் லேபுக்கு ஸாம்பிள் கொண்டுவரும் பையனுக்கு உள்ளங்கையில் கைனியை, அதாவது வாயில் அடக்கும் புகையிலையை, தேய்க்கும் சத்தம். ரத்தத்தில் நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும், அவனும் ஏறக்குறைய அதே கணக்கில் வெளியே போய்விட்டு வருவான். அவனைத் திட்டிக்கொண்டே நான் பகோடா தின்றிருக்கிறேன்.

பசியும் தூக்கமும் மட்டுமில்லை, கணவன் மனைவி விஷயமும் அதே பாதாம் பருப்பு ஹைபோதலாமஸின் ஆளுகையில்தான். அதை விரிவாக எழுத முடியாது, என் அண்ணன் மகன் இங்கே எல்லாவற்றையும் படிக்கிறான். கல்யாணம் ஆகப்போகிறவர் என்ற அனுமானத்தில் ஒன்றே ஒன்று: 2011இல் அதே சிகாகோவில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் தினமும் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவைத்ததில் அவர்களின் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை குறைந்தது. போதும்.

நான் என்ன செய்தேன் என்றால், வீரம் ஒன்றுமில்லை. 2021இல் பாஸ்டனில் பத்தொன்பது பேரை நைட் டூட்டி போல விழிக்கவைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ராத்திரியில் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் ராத்திரி சாப்பாட்டை ஏழரைக்கு நகர்த்தினேன். முழுப் பட்டினி எனக்குச் சரிப்படவில்லை, மூன்று மணிக்குக் கை நடுங்கி ஒரு குழந்தைக்கு ஊசியைத் தப்பாகக் குத்திவிடுவேனோ என்று பயம். ஒரு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டலும் மோரும் வைத்துக்கொண்டேன். இரண்டேகாலுக்கு லேப் ஜன்னலைச் சாத்திவிட்டு, ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜை ஓடவிடுவேன், அந்த இரைச்சலில் இஞ்சி கேட்காது. சிரிக்காதீர்கள். ஒரு வருடத்தில் ஹெச்பிஏ1சி 5.8. எடை நாலு கிலோதான் இறங்கியது. நாத்தனாருக்கு அது கண்ணில் படவில்லை.

மனக்கட்டுப்பாடே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது பகோடாவை யாரும் என் வாயில் திணிக்கவில்லை. ஆனால் ராத்திரி இரண்டரை மணிக்கு வேண்டிய கட்டுப்பாடு சாயங்காலம் ஏழு மணிக்கு வேண்டியதைவிட நாலு மடங்கு பெரியது. அதனால்தான் முடிவை ஏழு மணிக்கே எடுத்துவைத்துவிடுகிறேன்.

டீயைக் கேட்டிருந்தீர்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்பது சேர்ந்துகொண்டே போகும், அதுதான் கண்ணைச் சொக்கவைக்கிறது. டீயில் இருக்கும் கஃபீன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு அதை வேலை செய்யவிடாது. உள்ளே போனதில் பாதி வெளியேறச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மூன்று மணிக்குக் குடித்த டீ, எட்டு மணிக்குப் படுக்கும்போது பாதி பாக்கி. ஆகவே ஒரு மணிக்கு மேல் குடிக்காதீர்கள். நான் அதற்கப்புறம் அந்தக் கடையில் வெந்நீர்தான் வாங்குகிறேன். அதற்கும் ஐந்து ரூபாய் கேட்கிறார். பதினோரு வருட வாடிக்கைக்காரியிடம் வெந்நீருக்குக் காசு வாங்குவது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.